ஆறு பக்கம்

ஒன்பது பக்கத்தை ஆறு பக்கமாக்குவது எப்படி என்று யாராவது கேட்டால், பத்திரிகைக்காரர்களைப் போய்ப் பாருங்கள் என்பேன். அந்த வித்தையில் அவர்கள் கரை கண்டவர்கள். நான் எழுதிய ஒரு கதையில் கதாநாயகி ரயிலடிக்குப் புறப்பட்டாள். அச்சில் வந்தபோது அவள் ரயிலடிக்குப் போய்ச் சேரவே இல்லை. அவள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு கூந்தல் தைலம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. விளம்பரம் கடைசி நேரத்தில் வந்ததாம்! நாற்பது வருஷம் ஆகியும், அந்தப் பெண்ணைப் பாதி வழியில் விட்டுவிட்டோமே என்று எனக்கு அவ்வப்போது உறுத்துவது உண்டு.

ஆகையால், பக்கத்து வீதிப் பெண் ஒரு நாள் மாலை ஒரு கத்தைக் காகிதத்தோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "பெரியப்பா, இதை ஆறு பக்கத்துக்குள்ள அடக்கோணுங்க. எப்படிப் பார்த்தாலும் ஒம்பது வருதுங்க" என்றபோது, எனக்கு முதலில் உண்டானது அநுதாபம். அடுத்தபடியாகக் கொஞ்சம் உற்சாகமும் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? எத்தனையோ பேர் என் எழுத்தை வெட்டியிருக்கிறார்கள். பிறர் எழுத்தை வெட்டும் பாக்கியம் எனக்கு எப்போதாவதுதான் கிட்டுகிறது.

அந்தப் பெண் ஈரோட்டுப் பக்கம் ஓர் இஞ்சினீயரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். விடியற்காலை அந்தியூரில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். இதற்கு நடுவே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. பட்டம் வேண்டுமானால் ஆராய்ச்சி செய்தால் மட்டும் போதாது; அதைக் கட்டுரையாக்கி மாநாட்டில் படித்து, மாநாட்டு மலரில் அச்சாக வேண்டும். அவளுடைய தகப்பனாருக்கு ஏரிக்குக் கீழே கொடிக்கால் இருக்கிறது. அந்தியூர் வெற்றிலையைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கவுளி வாங்கிப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். போடாதவர்களுக்குச் சொல்லி விளங்காது.

அவளுடைய ஆராய்ச்சியும் வெற்றிலையைப் பற்றியதுதான். நோய் கண்ட இலையைச் செல்போனில் படம் பிடித்தால், இன்ன நோய் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். வாடல் நோய் இருக்கிறதே, அது பொல்லாதது. மழை நாளில் கொடிக்காலில் தண்ணீர் தேங்கினால் போதும். அடித்தண்டு அழுகும், அகத்தியில் ஏறி நின்ற கொடி அப்படியே துவண்டுவிடும். வரிசை வரிசையாகப் போகும். பைட்டோப்தோரா என்ற இனத்துக் கிருமி அது. 1845-இல் அயர்லாந்து தேசத்தில் உருளைக்கிழங்கை அழுக வைத்து, லட்சக்கணக்கான ஜனங்களைப் பட்டினியால் மடியச் செய்ததும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அயர்லாந்துக்காரன் உருளைக்கிழங்கை நம்பியதைப்போல, எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் ஓர் இலையை நம்பியிருக்கின்றன.

கம்ப்யூட்டர் தானாக ஒன்றையும் தெரிந்துகொள்வதில்லை. அதற்கும் ஒரு வாத்தியார் வேண்டும். ஆயிரக்கணக்கில் படங்களைக் காட்டி, "இது நல்ல இலை, இது வாடல், இது புள்ளி விழுந்தது" என்று பாடம் சொல்லிவைக்க வேண்டும். இந்தக் கம்ப்யூட்டருக்கு வாத்தியாராக அமைந்தவர் அவளுடைய அப்பா. இரண்டு மழைக்காலம், ஆயிரத்து எண்ணூறு இலை! அவர் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். இலையைக் காம்போடு கிள்ளி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். நரம்பைப் பார்ப்பார். அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவுவார். மூக்கருகே கொண்டுபோவார். பிறகு, "இது இன்னிக்கு நல்லாத்தான் கண்ணுக்குத் தெரியும் அம்மிணி. நாலு நாள்ல போயிரும்" என்பார். மகள் எழுதிக்கொள்வாள். நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கொடி போயிருக்கும்.

இதையெல்லாம் அவள் இங்கிலீஷில் எழுதியிருந்தாள். நல்ல இங்கிலீஷ் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவைப் பற்றிய அந்த இரண்டு பாராவும் நன்றாக இருந்தன. மற்ற இடங்களில் 'செய்யப்பட்டது', 'காணப்பட்டது', 'முன்மொழியப்பட்டது' என்று யாருமே இல்லாத ஊரில் வேலை தானாக நடப்பதைப் போல இருந்தது. அந்த இரண்டு பாராவில் மட்டும் ஒரு மனிதர் நின்றார்.

காகிதங்களோடு விதிகள் அடங்கிய ஒரு தாளும் கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுச் சம்பிரதாயங்கள்கூட அத்தனை இருக்காது. பத்திரிகையைப்போல இரட்டைப் பத்தி. தலைப்புக்கு 24 பாயிண்ட், மற்றதற்கு 10 பாயிண்ட். சுருக்கம் 250 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. அட்டவணைக்குத் தலைப்பு மேலே வர வேண்டும். படத்துக்குக் கீழே வர வேண்டும். எடுத்தாண்ட நூல்களுக்குச் சதுர அடைப்புக்குள் எண், அதுவும் கட்டுரையில் வரும் வரிசைப்படியே. எழுத்துக்களைக் குறுக்கியோ, ஓரத்தைச் சுருக்கியோ இடம் பிடிக்கப் பார்த்தால் கட்டுரை வாசிக்கப்படாமலே திரும்பி வரும்.

"படத்துக்கு ஏன் கீழே?" என்று கேட்டேன்.

"அப்படித்தானுங்க பெரியப்பா" என்றாள்.

விதிகளைக் கேலி செய்வது சுலபம். நான் ஈய எழுத்துக் காலத்து ஆசாமி. ஈரோட்டில் ஓர் அச்சுக்கூடத்தில் என் முதல் நாவலுக்கு நானே புரூப் பார்த்தேன். கம்போஸிட்டர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்குவார். ஒரு வார்த்தை கூடினால் பாரா முழுவதையும் கலைத்து அடுக்க வேண்டும். பக்கம் சதுரமாக நிற்கவில்லை என்றால் மனிதருக்குச் சோறு இறங்காது. அந்த அக்கறையை நான் கேலி செய்ய மாட்டேன். அமெரிக்காவில் டொனால்ட் நூத் என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். 1977-இல் அவருடைய புத்தகம் ஒன்றின் மறுபதிப்புக்குப் புரூப் வந்தது. புதிய அச்சு முறையில் கணக்குக் குறிகள் அசிங்கமாக விழுந்திருப்பதைப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை நிறுத்திவிட்டு, பக்கங்களை அழகாக அடுக்குவதற்கென்றே 'டெக்' என்று ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டை உண்டாக்கினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தாராம். பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. உலகத்தில் கணக்குக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்த ஏற்பாட்டில்தான் இன்றும் அச்சுக்குப் போகின்றன. நம் பெண்ணின் காகிதங்களும் அதன் கிளை ஒன்றில் அடுக்கப்பட்டவைதாம்.

"எப்போது அனுப்ப வேண்டும்?" என்று கேட்டேன்.

"இன்னிக்குத்தான் கடைசித் தேதி. ஆனா நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு இருபத்தொம்பது வரைக்கும் டைம் இருக்குதுங்க" என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. அவள் விளக்கினாள். இந்த மாநாட்டுக்காரர்கள் கெடுவுக்கு ஒரு விசித்திரமான நேரம் வைத்திருக்கிறார்கள். பூமியில் ஏதாவது ஒரு மூலையில் அந்தத் தேதி மிச்சம் இருக்கும் வரையில் கெடு தாண்டவில்லை என்று அர்த்தம். பசிபிக் சமுத்திரத்தில் மனிதர்களே குடியிராத ஏதோ ஒரு தீவில் நள்ளிரவு அடிக்கும்போது, அந்தியூரில் மறுநாள் மாலை ஐந்தரை. நம் ஊர்க் கொடிக்கால் பெண்ணுக்காக அந்தத் தீவு கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது என்று எண்ணியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வேலையை ஆரம்பித்தோம். முதலில் அலங்காரங்கள் போயின. 'மிகவும் முக்கியமான', 'தற்காலத்தில் பெரிதும் பேசப்படுகிற' ஆகியவற்றை எடுத்ததிலேயே அரைப் பக்கம் மிச்சம். பிறகு வெற்றிலையின் சரித்திரம். அது போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு படங்களை ஒன்றாக்கினோம். ராத்திரி பத்து மணிக்கு ஏழு பக்கம் ஆயிற்று. அதற்குமேல் சதை இல்லை, எலும்புதான்.

அந்தப் பெண் சோர்ந்து போனாள். தைரியம் சொல்வதற்காக நான் ராமானுஜத்தின் கதையை எடுத்தேன். கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், தம் பாட்டி வீட்டில் பிறந்தவர். கும்பகோணம் அவரை வளர்த்தது என்றாலும், பிறந்த ஊர் என்ற பாத்தியதையை நாங்கள் விடுவதாக இல்லை. அவருடைய முதல் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று. ஆசிரியர் நாராயண அய்யங்கார் அதை லேசில் போடவில்லை. விஷயம் அபாரம், ஆனால் படிப்பவனுக்கு வழியே விடாமல் தாவித் தாவி எழுதியிருந்தார் ராமானுஜன். கட்டுரை திரும்பித் திரும்பி அவரிடமே வந்தது. திருத்தித் திருத்தி அனுப்பினார்.

பிறகு கேம்பிரிட்ஜ். 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தார் அவருடைய பெரிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகமான எண்களால் மீதியில்லாமல் வகுபடுகிற எண்களைப் பற்றியது. 12 அப்படி ஒன்று; 24, 36, 48, 60 என்று போகும். அச்சில் அது 63 பக்கம் வந்தது. ஆனால் ராமானுஜன் எழுதியது அவ்வளவு அல்லவாம்! யுத்த காலம், சங்கத்துக்குப் பணமுடை. செலவைக் குறைப்பதற்காக ஒரு பகுதியை அவர் எடுத்துவிட்டார். மிச்சம் இருந்ததற்கே மறு வருஷம் பி.ஏ. பட்டம் கிடைத்தது. எடுத்து வைத்த பகுதி கையெழுத்தாகவே கிடந்து, பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் இருவருடைய குறிப்புகளோடு 1997-இல் அச்சேறியது.

"எம்பத்திரண்டு வருஷம் ஆச்சு. ஆனாலும் வந்துவிட்டது பார்!" என்று முடித்தேன்.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "எனக்கு நாளைக்கு அஞ்சரைக்குள்ளே வேணுங்களே பெரியப்பா" என்றாள்.

என் தைரியம் சொல்லும் திறமை இவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் என் பென்சில் அந்த இரண்டு பாராவின் மேல் வந்து நின்றது. அதற்கு வேறு காரணமும் இருந்தது. கட்டுரையை மதிப்பிடுகிறவர்களுக்கு எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது. எழுதியவருக்கும் மதிப்பிடுகிறவர் யார் என்று தெரியாது. தராசு பிடிப்பவன் கண்ணைக் கட்டி வைப்பது நியாயந்தான். அதற்காகப் பெயர், ஊர், கல்லூரி, நன்றியுரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அந்தியூர் 'தென்னிந்தியாவில் ஒரு கிராமம்' ஆயிற்று. எங்கள் ஊரைக் கிராமம் என்றதில் எனக்கு மனத்தாங்கல்தான், பேரூராட்சி அது. 'என் தந்தை' என்று எப்படி விடுவது? நான்தான் யோசனை சொன்னேன். இரண்டு பாராவுக்கும் பதிலாக ஒரே வரி: 'இலைகள் துறை வல்லுநர் ஒருவரால் வகைப்படுத்தப்பட்டன.'

அவள் கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிங்க பெரியப்பா" என்றாள். குறுக்கே கோடு போட்டேன். ஆறு பக்கம் ஆகிவிட்டது. ஐந்து இருபதுக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்தது. அவள் அப்பா சோளத்தட்டு ஏற்றிக்கொண்டு வீதியில் போனார். எங்களைப் பார்த்து, "ஆச்சுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்! மதிப்பிட்ட மூவரில் ஒருவர் புகழ்ந்திருந்தார். ஒருவர், கட்டுரையைத் திறந்து பார்த்தாரா என்றே சந்தேகம். மூன்றாமவர் மட்டும், முந்திய முறைகளோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை சேர்க்க வேண்டும் என்றும், படங்களை வகைப்படுத்தியது எப்படி என்று இன்னும் விவரமாகச் சொல்லியிருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். எனக்குச் சுரீர் என்றது. விவரமாகத்தானே ஐயா இருந்தது!

இனி 'காமிரா ரெடி' பிரதி தயாரிக்க வேண்டும். முன்காலத்தில் ஆசிரியர் டைப் அடித்துக் கொடுத்த தாளையே போட்டோ பிடித்து, தகடு செய்து அச்சடிப்பார்கள். காமிரா போய் வெகு நாளாகிவிட்டது; பெயர் மட்டும் நிற்கிறது. அதற்கும் ஆறு பக்கந்தான். கூடுதலாக ஒரு பக்கம் வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகை அவளுடைய சம்பளத்தில் பாதி. "கேட்டா அப்பா குடுத்துருவாருங்க. ஆனா எதுக்குன்னு கேப்பாரு. உங்களைப் பத்தி எழுதறதுக்குன்னா, வேண்டாம்னு போயிருவாரு" என்றாள். அந்த மனிதரை அறிந்தவன் என்ற முறையில் நானும் அதை ஆமோதித்தேன்.

அட்டவணை உள்ளே வந்தது. வகைப்படுத்திய விதத்தைப் பற்றி ஒன்றரை வாக்கியம் சேர்ந்தது. அதில் அவள் ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். நாலு நாளில் போகப் போகிற இலைக்கு அவள் அப்பா 'உள்வாட்டம்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். அதைத் தமிழ் எழுத்திலேயே போட்டாள். பரிசோதனை செய்யும் யந்திரம் எழுத்துரு சரியில்லை என்று திருப்பிவிட்டது. திறந்து பார்த்தால் அந்த இடத்தில் வரிசையாகக் காலிக் கட்டங்கள் நின்றன. 2010 ஜூனில் கோயம்புத்தூர் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான், கம்ப்யூட்டர் தமிழுக்கு யூனிகோடு முறையைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. ஒருவர் அடித்த தமிழ் இன்னொருவர் யந்திரத்தில் கட்டமும் கிறுக்கலுமாகத் தெரிந்த காலம் அத்தோடு தொலைந்தது என்று நான் நினைத்திருந்தேன். மாநாட்டுக்காரர்களின் அச்சில் அது தொலையவில்லை. வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் போட்டோம். அப்படிப் படித்தபோது அது ஏதோ ஜெர்மன் ஊர் மாதிரி இருந்தது.

அடுத்தது பெயர்கள். ஆராய்ச்சி அவளுடையது, ஆனால் கட்டுரையில் பெயர்கள் நான்கு. வழிகாட்டி ஒருவர், அவர் வரட்டும். துறையில் பெரியவர் ஒருவர். அந்தப் பெரியவருக்கு வேண்டியவர் ஒருவர். "இவர் என்ன செய்தார்?" என்று கேட்டேன். "கையெழுத்துப் போட்டாருங்க" என்றாள். நான்கு பெயர், நான்கு உத்தியோகம், நான்கு மின்னஞ்சல் என்று முதல் பக்கத்தில் அது அடைத்துக்கொண்ட இடம் இருக்கிறதே, அதில் என் இரண்டு பாராவும் தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும். கடைசிப் பக்கத்தின் அடியில் நன்றியுரைக்கு நாலு வரி தேவைப்பட்டது. இருந்தது இரண்டு வரி. அந்த இரண்டு வரியில் கல்லூரி நிர்வாகத்துக்கு நன்றி சொல்லியாக வேண்டும் என்று உத்தரவு.

பெயர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. மாநாட்டுப் படிவத்தில் இரண்டு கட்டம்: சொந்தப் பெயர், குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஓர் இனிஷியல், ஒரு பெயர், அதோடு சரி. பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து, அவள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள். அப்படியே இங்கேயும் போட்டாள். இந்தக் கட்டத்தில் தமிழர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சீனிவாச ராமானுஜன் என்பதில் சீனிவாச என்பது தகப்பனார் பெயர். தம் பெயர் கடைசியில் நின்றதால் அவர் பிழைத்தார். சி. வி. ராமனுக்கு வைத்த பெயர் வேங்கடராமன். அதை இரண்டாக உடைத்ததில் பாதிப் பெயர்தான் 'ராமன் விளைவு' என்று உலகமெங்கும் வழங்குகிறது.

போன மாதம் மாநாட்டு மலர் வந்துவிட்டது. புத்தகமாக அல்ல, கம்ப்யூட்டரில். அதைவிட ஆச்சரியம், எங்கோ வட தேசத்தில் ஒரு கோஷ்டி தங்கள் கட்டுரையில் இதை எடுத்தாண்டிருக்கிறது. அவள் ஓடி வந்து காட்டினாள். எடுத்தாளும்போது சொந்தப் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி, குடும்பப் பெயரை முழுசாகப் போடுவது வழக்கமாம். பல ஆசிரியர்கள் இருந்தால் முதல் பெயரை மட்டும் சொல்லி, 'மற்றும் பிறர்' என்று முடித்துவிடுவது இன்னொரு வழக்கமாம். ஆக, அங்கே இருந்தது இதுதான்: அவள் பெயருக்கு ஒற்றை எழுத்து, அடுத்து, அவளுடைய அப்பாவின் பெயர் முழுசாக, கம்பீரமாக, அடுத்து 'மற்றும் பிறர்'. துறைப் பெரியவர், வேண்டியவர் எல்லோரும் அந்தப் பிறரில் அடக்கம்! கட்டுரையின் நடுவிலும், 'இன்னார் முதலியோரின் முறைப்படி' என்று அவர் பெயரையே சொல்லியிருந்தார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டுரையை ஈரோட்டில் பிரதி எடுத்து வந்து அப்பாவிடம் கொடுத்தாள். மறுநாள் காலையில் அவர் அதை மடியில் மடித்து வைத்துக்கொண்டு என் திண்ணைக்கு வந்தார். கொடிக்காலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு நேராக வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் காகிதத்தை எடுத்தார்.

"எம் பேரு போட்டிருக்குதுன்னு அம்மிணி சொல்லுச்சுங்ணா. அது இருக்கட்டும். நம்ம கொடிக்கால் சமாசாரம் எந்தப் பக்கத்துலீங்க வருது?"

மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்து, தமிழில் சொன்னேன். 'இலைகள் துறை வல்லுநர் ஒருவரால் வகைப்படுத்தப்பட்டன.'

அவர் அந்த வரியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"வல்லுநருங்களா? அவுரு எந்தூருங்ணா?" என்றார்.